எட்டுப் பிரதிகள்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் எல்லாரும் அவளை 'ஒயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். தோளில் எப்போதும் ஒரு நீலக் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு வருவாள் என்பதால் வந்த பெயர். அதை வைத்தவர் வரைபடப் பிரிவில் இருந்த ஒருவர். அவருக்கே 'ரேடியோ' என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து சாயங்காலம் எழுந்து போகும்வரை அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

அவள் அந்த அலுவலகத்தின் ஊழியை அல்ல. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு சின்ன நிறுவனம் அவளை வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக வந்து போனதில் எந்தச் சுவரில் எந்த ஓட்டை வழியாக எந்தக் கேபிள் போகிறது என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி. வரைபடப் பிரிவில் மூன்று மேக். கணக்குப் பிரிவிலும் வரவேற்பிலும் விண்டோஸ், அதிலும் சிலது புதியது, சிலது அரதப்பழசு. ஆவண அறையில் இருந்ததோ தூக்கிப் போட வேண்டிய ஒரு பழைய பெட்டி. தூக்கிப் போட மனசு வராமல் அவள்தான் அதில் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்து வைத்திருந்தாள். ஒன்றுக்குப் புரிகிற பாஷை இன்னொன்றுக்குப் புரியாது. பிரிண்டர் விஷயத்தில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போகும். மேக்கிலிருந்து அனுப்பினால் ஓரம் வெட்டுப்படும். விண்டோஸிலிருந்து அனுப்பினால் வெற்றுத் தாளாக வரும். சமயத்தில் ஒன்றுமே வராது. அவள் நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணுவாள்.

அந்த ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவர் பெரியக்கா. ஐம்பத்தாறு வயது. மேலாளரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் பெரியக்காதான். அவரைவிட வயதில் மூத்த கணக்கர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இருபது வருஷத்து வரைபடங்களில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். கணவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. ஒரே பையன். பையன் கப்பலில் வேலை பார்க்கிறான்.

கப்பல் பையனைப் பற்றிக் கேட்காமல் அங்கே யாருக்கும் நாலு மணி டீ இறங்காது. "பெரியக்கா, தம்பி இப்ப எங்க இருக்கான்?" என்று ரேடியோதான் ஆரம்பிப்பார். பெரியக்கா கோப்பையை ஊதிக்கொண்டே ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொல்வார். அங்கே கடலோரம் எப்படி இருக்கும், கிரேன்கள் எவ்வளவு உயரம், இருட்டவே ராத்திரி பத்து மணி ஆகுமாம் என்று ரெண்டு வரி சொல்வார். அதிகம் நீட்ட மாட்டார். "தம்பி வரும்போது எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்பார் ரேடியோ. "உனக்கு முன்னாடி ஆறு பேர் கேட்டு வச்சிருக்காங்க. வரிசையில வா" என்பார் பெரியக்கா. எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது அலுவலகமே இரண்டுபட்டுக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேலாளரின் மச்சினன் வந்து, செய்கிறேன் பேர்வழி என்று பழைய ரௌட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தான். புது ரௌட்டர் தன்பாட்டுக்குப் பிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் புது முகவரி கொடுத்துவிட்டது. வீடு மாறிப்போனது தெரியாமல் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பவர்களைப் போல, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பிரிண்டரைப் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது. எல்லாத் திரையிலும் ஒரே செய்தி: பிரிண்டர் இணைப்பில் இல்லை.

பன்னிரண்டு மணிக்குள் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடக் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏம்மா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒவ்வொண்ணா பாக்கணும் சார். நாலு பிரிண்டர், பதினாலு கம்ப்யூட்டர்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்கு எல்லாத்தையும் கூடத்துல இருக்கிற பெரிய பிரிண்டருக்குத் திருப்பி விடு. எனக்குப் பேப்பர் வந்தா போதும்."

அது தப்பான யோசனையும் இல்லை. கூடத்துப் பெரிய பிரிண்டருக்கு அவளே முன்பு நிரந்தர முகவரி கொடுத்து வைத்திருந்தாள். அதை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்ற கம்ப்யூட்டர்களை அதன் பக்கம் திருப்பினால் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். சட்டென்று வேலையில் இறங்கினாள். மேக் மூன்றும் கொஞ்சம் முரண்டு பிடித்தன. பழைய பிரிண்டரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்ததும் வழிக்கு வந்தன. கணக்குப் பிரிவில் ஆளாளுக்கு ஒரே கோப்பைப் பத்துத் தடவை அனுப்பி வைத்திருந்தார்கள். காத்துக்கிடந்ததை எல்லாம் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

ஆவண அறைக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். பெரியக்கா வரைபடக் குழல்களைக் கையில் அணைத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிரிண்டர் உண்டு. அந்த அறைக்கென்றே வாங்கியது.

"இந்தச் சின்னதும் வேலை செய்யலம்மா. அவசரம் ஒண்ணுமில்ல. மத்தவங்களது முடிச்சிட்டு மெதுவா பாரேன்."

"இதோ வந்துட்டேன்ல அக்கா, அஞ்சு நிமிஷம்."

பெரியக்கா வாசல்வரை போனவர் நின்றார். "ஏம்மா, காலையில சீக்கிரம் வந்து ஒண்ணு போட்டுப் பாத்தேன். வரல. திரும்பத் திரும்ப அழுத்திட்டேன். அதெல்லாம் என்ன ஆகும்?"

"அதெல்லாம் போயிருக்கும்க்கா. கவலைப்படாதீங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் அவள் அதைச் சொன்னாள்.

பெரியக்கா ஒரு கணம் நின்றுவிட்டு மாடிப்படி ஏறினார்.

அவளுடைய நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் வகுப்பெடுப்பாள். முதலில் வரிசையைப் பார், அதில் காத்திருப்பதைத் துடை, அதற்கப்புறம்தான் முகவரியில் கை வை என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். அன்றைக்குக் கூடத்திலிருந்து மேலாளர் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். லினக்ஸ் பெட்டியில் புதிதாக ஒரு பிரிண்டரைச் சேர்ப்பதைவிட, இருக்கிற பிரிண்டரின் முகவரியை மட்டும் மாற்றுவது சுலபம். சின்ன பிரிண்டரின் நாலு எண்களை அழித்து, அந்த இடத்தில் கூடத்துப் பிரிண்டரின் நாலு எண்களைத் தட்டினாள். 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினாள். வரிசையைப் பார்க்கவில்லை.

கூடத்தில் பெரிய பிரிண்டர் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. வேலை செய்கிறதே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ரேடியோ ஓடிப்போய்த் தட்டிலிருந்த தாள்களை எடுத்தார். வரைபடக் கட்டின் அட்டவணைக்காகத்தான் அவர் காத்திருந்தார். "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு, "இது என்னதுப்பா? சிறைவாசியை நேரில் சந்திக்க உறவினர் அளிக்கும் விண்ணப்பம். அடேங்கப்பா! யாருக்குய்யா உள்ளே சொந்தக்காரன்? சொல்லவே இல்ல! சிறைவாசியின் பெயர்..."

பெயரைப் படித்தார். "உறவுமுறை, தாய். விண்ணப்பதாரர்..." அதோடு நிறுத்திவிட்டார்.

அவர் நிறுத்தியதுதான் வினையானது. அவர் பேசிக்கொண்டே போயிருந்தால் பாதிப்பேர் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். ரேடியோ நின்றதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் ஆவண அறையிலிருந்து வெளியே வந்தபோது பிரிண்டர் அடுத்த தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். மாடிப்படியின் கடைசிப் படியில் பெரியக்கா நின்றிருந்தார்.

அவர் நடந்து வந்து ரேடியோவின் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார். தட்டில் கிடந்ததையும் எடுத்தார். விரலில் எச்சில் தொட்டு, அலுவலகக் கடிதங்களை எண்ணுகிற மாதிரி எண்ணினார். ஏழு இருந்தது.

"எட்டுத் தடவை அழுத்தினேன்," என்றார். "ஒண்ணு குறையுது."

சுற்றி நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தார்.

"யார்கிட்ட இருக்கு? குடுத்துடுங்க."

"எங்ககிட்ட இல்ல பெரியக்கா," என்று கணக்கர் மென்று விழுங்கினார். பெரியக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளுடைய முகத்திலும் அந்தப் பார்வை நின்றது. பிறகு ஆவண அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இருபது வருஷத்தில் அவர் மத்தியானத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போனது அன்றுதான்.

வரைபடக் கட்டின் மிச்சத்தை வெளியே ஒரு கடையில் அச்செடுத்து, பன்னிரண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேலாளர்கூட அதைப் பற்றிச் சந்தோஷப்படவில்லை.

எட்டாவது தாளை அவள்தான் கண்டுபிடித்தாள். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பிரிண்டருக்கு மறுபடி மின்சாரம் கொடுத்ததும் 'தாள் சிக்கியுள்ளது' என்று வந்தது. பின்கதவைத் திறந்தாள். பாதி ஓட்டத்தில் பிளக்கைப் பிடுங்கியதால் கடைசித் தாள் உருளைகளுக்கு நடுவில் மடங்கிக் கிடந்தது. பத்திரமாக இழுத்தாள். பெரியக்காவின் மகன் உள்ளே போய் இது மூன்றாவது ஆண்டாம். படிவத்தின் ஒரு கட்டத்தில் அது இருந்தது. படிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் முந்திக்கொண்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பழுது அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு வரி உண்டு. அவளுடைய மேற்பார்வையாளர் போனில் சொன்னார், "பயனர் பலமுறை அழுத்தியதால்னு போடு. அதுதானே நடந்தது?" அதுதான் நடந்தது. ஒரு பொய்யும் இல்லை. அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மகளுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தான். "மிஷின் பண்ணின தப்புக்கு நீ என்ன பண்ணுவ?" என்றான், ஆறுதலாகத்தான்.

"மிஷின் என்ன பண்ணிச்சு? சொன்னதைத்தானே செஞ்சுது. அவங்க என்கிட்ட கேட்டாங்க. கவலைப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவன் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வா" என்றான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் பெரியக்கா வேலைக்கு வரவில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் போனில் சொன்னாள். வீட்டு முகவரியும் கொடுத்தாள். வியாழன் சாயங்காலம் அவள் போனாள். மூன்றாவது மாடி, படிக்கட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை. கதவைத் திறந்த பெரியக்கா அவளைப் பார்த்ததும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

அவள் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "மிஷினுக்குள்ள சிக்கியிருந்துச்சுக்கா. யாரும் எடுக்கல."

பெரியக்கா அதைக் கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார். "ரெண்டு நாளா ஒவ்வொருத்தரையா நெனச்சு நெனச்சுத் திட்டிட்டிருந்தேன். ரேடியோவா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் கணக்கரா இருக்கும்னு." கொஞ்சம் தயங்கி, "நீயா இருக்கும்னும் நெனச்சேன்" என்றார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. நீங்க கேட்டப்போ நான் பாத்திருக்கணும். பாக்காமலே சொல்லிட்டேன்."

"ஆமா," என்றார் பெரியக்கா. பரவாயில்லை என்று சொல்லவில்லை.

டீ போட்டுக் கொடுத்தார்.  பிறகு அவரே ஆரம்பித்தார்.

"வண்டியில போயிட்டிருந்தான். ஒருத்தர் மேல இடிச்சிட்டான். நின்னிருக்கலாம். பயந்துட்டு நிக்காம வந்துட்டான். அந்த மனுஷன் ரோட்டுலயே போயிட்டார். அவருக்கும் பிள்ளைங்க இருக்கு." தாளை மறுபடி நீவினார். "கோர்ட்டெல்லாம் முடிஞ்சு நான் வேலைக்குத் திரும்பி வந்தப்போ, பையன் எங்கேன்னு யாரோ கேட்டாங்க. வெளியூர் போயிருக்கான்னேன். வெளிநாடா, கப்பலான்னு அவங்களே கேட்டாங்க. நான் தலையாட்டினேன். அவ்வளவுதாம்மா. கப்பலை நான் கொண்டு வரல."

மேஜையின் மேல் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு பழைய அட்லஸ் கிடந்தது. பெரியக்கா அதைத் திறந்து காட்டினார். கடலோரமாக இருந்த ஊர்களின் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள். "சொன்ன ஊரையே திரும்பச் சொல்லிடக் கூடாதுல்ல," என்றார். சில ஊர்களுக்குப் பக்கத்தில் தேதியும் இருந்தது.

பெரியக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெக்கமாயிருக்குன்னு அழல நான்," என்றார் பெரியக்கா. "அதெல்லாம் மூணு வருஷத்துல பழகிடுச்சு. உனக்கு எப்படிச் சொல்றது... காலையில ஒன்பது மணியில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என் பிள்ளை கப்பல்ல இருந்தாம்மா. நிஜமாவே இருந்தான். எனக்கே அப்படித்தான் இருக்கும். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாத்தான் அவன் ஜெயிலுக்குப் போவான். இப்ப நாள் முழுக்க ஜெயில்லயே இருக்கான்."

அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உலர்த்தும் கம்பியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா," என்று பெரியக்கா திடீரென்று முன்னால் சாய்ந்தார். குரலில் வேறொரு வேகம். "இந்த நெட்வொர்க்குல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துதானே இருக்கு? வேற எங்கேயோ இருந்து, வேற யாரோடதோ பேப்பர் தப்பா வந்துடுச்சுன்னு சொன்னா? எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்காக நான் போட்டுக் குடுத்தேன், பேர் மாறிடுச்சுன்னு... நீ சொன்னா நம்புவாங்கல்ல?"

யாரும் நம்ப மாட்டார்கள். பெயர், வயது, வீட்டு முகவரி எல்லாமே அதில் இருந்தன. ரேடியோ பாதியை உரக்கவே படித்தாயிற்று. அது பெரியக்காவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவர் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சொல்றேன்க்கா," என்றாள். "நாளைக்கே சொல்றேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணி டீக்கு எல்லாரும் கூடத்தில் கூடியபோது அவள் கேபிள் சுருளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தெரிந்தவர் யாருக்காகவோ பெரியக்கா ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தார் என்றும், பழைய பெட்டியில் சேமித்து வைத்திருந்த அவருடைய சொந்த விவரங்கள் தானாக அந்தக் கட்டங்களில் ஏறிக்கொண்டன என்றும், தான் சரிபார்க்காமல் பிரிண்டரைத் திருப்பியதில் அது வெளியே வந்துவிட்டது என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. மகனின் பெயர் எப்படித் தானாக ஏறும் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள்.

யாரும் கேட்கவில்லை. கணக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடியோதான் முதலில் வாய் திறந்தார். "அதான் பாத்தேன்," என்றார். "நம்ம தம்பிதான் கப்பல்ல இருக்கானே. இந்த மிஷினுங்க எதை எதோட வேணா முடிச்சுப் போடும்." அவர் குரல் கரகரத்தது. "ஆமாமா," என்றார்கள் மற்றவர்கள். மேலாளர்கூட "மிஷின்தானே" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். அத்தனை பேரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு நன்றியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்றே அவள் பழுது அறிக்கையைத் திரும்ப வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த மாதம் அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பெரியக்கா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். செவ்வாய்க்கிழமை அவள் போனபோது எல்லாம் பழையபடி இருப்பதுபோலத்தான் தெரிந்தது. சின்ன பிரிண்டரைச் சரிசெய்து, அதற்கு நிரந்தர முகவரி கொடுத்து, மூன்று தடவை சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தாள். பெரியக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ரேடியோ கேட்டார், "பெரியக்கா, தம்பி இப்ப எங்க இருக்கான்?"

முன்பெல்லாம் அந்தக் கேள்வியில் ஒரு கிண்டல் இருக்கும், பொறாமைகூடக் கொஞ்சம் இருக்கும். இப்போது அவர் ஒரு நோயாளியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். பெரியக்கா ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். "அப்படியா! நல்ல ஊராச்சே!" என்றார்கள் எல்லாரும், ஒரே நேரத்தில். பைனாகுலரைப் பற்றி யாரும் பேசவில்லை. வரிசையில் வா என்று சொல்ல அவருக்கும் வாய்ப்பில்லாமல் போனது.

இப்படியே ஒரு வாரம் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை ரேடியோ கேட்டபோது பெரியக்கா கோப்பையை ஊதிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் ஊதினார். "தெரியலப்பா," என்றார் கடைசியில். "போன் வரல." கோப்பையை எடுத்துக்கொண்டு ஆவண அறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு டீ குடிக்கக் கூடத்துக்கு வரவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் இடமாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்தார். அந்த வரைபட அலுவலகத்துக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு கிடங்கு உண்டு. பழைய வரைபடங்களைக் கட்டுக்கட்டாகப் போட்டு வைக்கும் இடம். ஒரே ஒரு காவலாளியைத் தவிர அங்கே ஆள் கிடையாது. மேலாளர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ரேடியோ அவரைத் தனியாகப் பார்த்து, "நான் வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கணும் பெரியக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாராம். "நீ பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் பெரியக்கா சொன்னாராம்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பழைய பெட்டியில் பெரியக்காவின் கணக்கை மூடி, புதிதாக வருகிறவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டிய வேலை அவளுக்கு. வரிசையைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.

"படிவத்துக்கு என்ன பண்றீங்கக்கா இப்போ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "என் வீட்ல பிரிண்டர் இருக்கு. மாசாமாசம் நான் எடுத்துக் கொண்டுவந்து தர்றேன்."

"வேண்டாம்மா. இப்ப கையால எழுதிக் குடுக்கிறேன். வாங்கிக்கிறாங்க." பெரியக்கா மேஜை இழுப்பறையில் இருந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்: கத்தரிக்கோல், தலைவலித் தைலம், ஒரு சின்னக் கண்ணாடி. "கையால எழுதலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஆபீஸ் மிஷின்ல எடுத்தா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவள் பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். மேகமூட்டமாக இருந்தது. இருவரும் நிழற்கூரைக்குக் கீழே நின்றார்கள்.

"உங்க எல்லாரையும் அவனுக்கு நல்லாத் தெரியும்," என்றார் பெரியக்கா, சாலையைப் பார்த்துக்கொண்டே. "அங்கே போனா அரை மணி நேரம் குடுப்பாங்க. அவன் எதைப் பத்திப் பேசுவான், பாவம்? நான்தான் பேசுவேன். ரேடியோ இன்னிக்கு என்ன சொன்னான், மேலாளர் மச்சினன் எதை உடைச்சான், நீ எந்த மேஜைக்கு அடியில பூந்து என்னத்தை மாட்டினே, எல்லாம் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பான். உன்னை ஒயரக்கான்னுதான் சொல்வான். போன தடவைகூடக் கேட்டான், ஒயரக்கா என்ன பண்றாங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாயிருக்கான்னு சொன்னேன்." பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே அந்தக் கிடங்குல யாரைப் பாத்து யாரைப் பத்திச் சொல்லப்போறேன்? காவலாளிக்குக் காதும் மந்தம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. பெரியக்கா பையை வாங்கிக்கொண்டு ஏறினார். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தாரா என்பது கூட்டத்தில் தெரியவில்லை.

அவள் அந்த நிறுத்தத்திலேயே அடுத்த இரண்டு பேருந்துகள் வந்து போகும்வரை நின்றிருந்தாள். பிறகு போன் அடித்தது. ரேடியோதான். ஒரு மேக்கிலிருந்து எதை அனுப்பினாலும் வெற்றுத் தாளாக வருகிறதாம். வழக்கமாக இருபது நிமிஷம் பேசுகிறவர் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தாள்.